உன் பிள்ளைகளோட உதவிப்பணம் நின்னுபோன விஷயம்

அன்பு மகன் எலாமானுக்கு அப்பா ஒரோஸாலி எழுதறது. அல்லா புண்ணியத்துல நான் எழுந்து நடமாடிக்கிட்டிருக்கேன், நெஞ்சுக்குக் குடுத்த மாத்திரையை வேளை தப்பாம முழுங்கறேன், பிள்ளைங்க மூணும் சௌக்கியம், கறுப்புப் பசு இன்னும் பால் குடுக்குது, மலை மேல பனி விழுந்துடுச்சு, ஊருக்குள்ள இன்னும் இறங்கலை. நீ சௌக்கியமான்னு கேட்டு எழுதறது வழக்கம். இந்தத் தடவை நான் வழக்கத்துக்குக் கேட்கலைடா, பதில் வேணும்னு கேட்கறேன். போன்லயே கேட்டிருக்கலாமேன்னு நினைப்பே. போன்ல உன் வித்தை எனக்குத் தெரியும். கொஞ்சம் கஷ்டமான பேச்சு வந்தா லைன் கரகரங்குதுப்பாம்பே, மேஸ்திரி கூப்பிடறாரும்பே, டொக்குனு வச்சுடுவே. கடுதாசியை அப்படி வைக்க முடியாது, பாதியில மடிச்சு வச்சாலும் கண்ணு அங்கேதான் போகும். அடுத்த வீட்டு ஷார்கானோட மாப்பிள்ளை மிர்பெக் வியாழக்கிழமை மாஸ்கோவுக்கு விமானம் ஏறறான், அவன் கையிலதான் குடுத்து விடறேன். அவனையும் நான் முழுசா நம்பலை. அவன் மாமியாருக்கு எங்க வீட்டு அடுப்புல என்ன வேகுதுன்னு தெரியாட்டி சோறு இறங்காது, மாப்பிள்ளை மட்டும் யோக்கியனா இருந்துடுவானா? அதனால மாவுப்பசை போட்டு ஒட்டி, ஒட்டின இடத்து மேலயே என் கையெழுத்தைப் போட்டிருக்கேன். கையெழுத்து கோணியிருந்தா அவன் பிரிச்சுப் பார்த்திருக்கான்னு அர்த்தம், எனக்குச் சொல்லு.

விஷயம் இதுதான். உன் பிள்ளைங்க மூணு பேருக்கும் சர்க்கார் மாசாமாசம் குடுத்துக்கிட்டிருந்த உதவிப்பணம் நின்னுபோச்சு. நிறுத்தினது சர்க்கார் இல்லை, எந்த எதிரியும் இல்லை, நான்தான். என் வாயைக் கொடுத்து நானே நிறுத்தினேன். எப்படின்னு முதல்லேர்ந்து வரிசையாச் சொல்றேன், நடுவுல எழுந்து போகாம உட்கார்ந்து படி.

போன தை மாசம் வாக்குல உன் பெண்டாட்டி சல்கின் அடிக்கடி ஊர் ஆபீசுக்குப் போக ஆரம்பிச்சா. போகும்போது நல்ல ஸ்கார்ஃப் கட்டிக்கிட்டு, கையில ஒரு காகிதக் கட்டு. எனக்குத் தெரியாம என்ன காகிதம்னு எனக்கு உறுத்த ஆரம்பிச்சுது. இருபத்திரண்டு வருஷம் கூட்டுப்பண்ணைக் கிடங்குச் சாவியை இடுப்புல கட்டிக்கிட்டுத் திரிஞ்சவன் நான், எவன் மூட்டைக்குள்ள எத்தனை படி கூடப் போகுதுன்னு நடையை வச்சே சொல்லுவேன். மருமக மாமனார்கிட்ட நேரா நின்னு பேசற வழக்கம் நம்மகிட்ட இல்லைங்கறது உனக்கே தெரியும், அதனால பெரியவ பெர்மெத்தை நடுவுல உட்கார வச்சுக் கேட்டேன், உங்கம்மா எங்கடி போறா கேளுன்னு. மூணு பேரும் ஒரே அறையிலதான் இருக்கோம். சல்கின் மாவு பிசைஞ்சுக்கிட்டே, உங்களுக்கு உதவிப்பணம் எழுதிப் போட்டிருக்கேன்னு தாத்தாகிட்ட சொல்லுன்னா. பெர்மெத் என் பக்கம் திரும்பி எனக்கு எல்லாம் கேட்டிருக்கும்னு தெரிஞ்சும் ஒரு எழுத்து விடாமத் திருப்பிச் சொல்லுச்சு. ஒன்பது வயசுக்கு அது நல்ல வக்கீலாயிடுச்சு.

இனாமா யாருடா பணம் குடுப்பா? நானே நேரா ஆபீசுக்குப் போய் அந்த பேகாயிம்ங்கற பொண்ணைப் பிடிச்சேன். நகத்துக்கெல்லாம் சாயம் பூசியிருந்தா, எனக்கு அப்பவே பிடிக்கலை. அவ பொறுமையாத்தான் சொன்னா. குடும்பத்துக்கு வர்ற வருமானத்தை எல்லாம் கூட்டி, ஆடு மாடு குதிரையையும் ஏதோ ஒரு கணக்குல மாத்திச் சேர்த்து, ஆளுக்கு இவ்வளவுன்னு வகுப்பாங்களாம். அது அவங்க போட்ட கோட்டுக்குக் கீழே இருந்தா, பதினாறு வயசு ஆகாத பிள்ளை ஒண்ணொண்ணுக்கும் மாசம் ஆயிரத்து இருநூறு சோம். கூடிச்சுன்னா நின்னுடும். இதுக்குப் பதிலா எங்ககிட்டேர்ந்து என்ன எடுத்துப்பீங்கன்னு கேட்டேன். ஒண்ணும் எடுக்க மாட்டோம் பெரியவரேன்னா. அந்தப் பேச்சுதான் எனக்கு இன்னும் சந்தேகம். நாளைக்கு மேய்ச்சல் பங்கைக் கேட்பாங்களா, நாலு பிள்ளையில ஒண்ணைப் பட்டாளத்துக்குக் கேட்பாங்களான்னு படுத்தாத் தூக்கம் வரலை. நமக்கு மூணு பிள்ளைதான்னு அப்புறம்தான் ஞாபகம் வந்துது, அந்த அளவுக்குக் குழம்பியிருந்தேன்.

ஆனா என் பெரிய சந்தேகம் சல்கின் மேலதான். நீ போன முதல் ரெண்டு வருஷமும் மாசம் பொறந்து அஞ்சு தேதிக்குள்ள பதினஞ்சாயிரம் வந்துடும், நோட்டு மொடமொடன்னு புதுசா இருக்கும். போன கார்த்திகையிலேர்ந்து அது அஞ்சாயிரமாச்சு, தேதியும் இருபதுக்குத் தள்ளிப்போச்சு. பெர்மெத் ஒரு உறையைக் கொண்டுவந்து என் மெத்தை அடுக்கு மேல வச்சுட்டு, அப்பா அனுப்பினதுன்னு சொல்லிட்டு ஓடிடும். ஏன் குறைஞ்சுதுன்னு கேட்டனுப்பினா, அங்கே கட்டட வேலை மந்தமாம்னு பதில் வரும். பிரிச்சுப் பார்த்தா எல்லாம் கசங்கின சில்லறை நோட்டு. இருபது, ஐம்பது, நூறு, மடிப்புல எல்லாம் ஒரு மண்ணு, ஒரு தூசி. பணம் வாங்கற கவுன்ட்டர்ல இப்படி நோட்டு குடுப்பானா? நான் என்ன முடிவு கட்டினேன் தெரியுமா? நீ பதினஞ்சுதான் அனுப்பறே, இவ பெரிய நோட்டைப் பதுக்கிட்டு எங்கேயோ சில்லறை மாத்தி எனக்கு அஞ்சைக் காட்டறான்னு. பதுக்கின பணத்தை அவ அம்மா வீட்டுக்கு அனுப்பறா, ஒருநாள் பிள்ளைங்களையும் கூட்டிக்கிட்டுக் கம்பி நீட்டிடுவான்னு. அவ குளிக்கப் போன நேரம் அவ பெட்டியைத் திறந்து பார்த்தேன். எழுதவே கூசுது. உள்ளே உன் கல்யாணச் சட்டையும், சின்னவ மீரிமோட தொட்டில் துணியும், மூட்டு வலித் தைலமும்தான் இருந்துது. அப்பவும் எனக்கு, வேற எங்கேயோ வச்சிருக்கான்னுதான் தோணிச்சே தவிர, இல்லைன்னு தோணலை.

ஆவணி மாசக் கடைசியில, வருஷா வருஷம் குடும்ப நிலைமையைப் பார்த்து எழுதற கமிஷன் வருதுன்னு சேதி வந்துது. முந்தின நாள் சல்கின், பெர்மெத்தை விட்டுச் சொல்லி அனுப்பறா, நாளைக்குப் பெரிசா விருந்து விரிப்பு எதுவும் வேண்டாம், டீயும் ரொட்டியும் போதும்னு தாத்தாகிட்ட சொல்லுன்னு. எனக்கு வந்துதே கோபம்! என் வீட்டு வாசப்படி ஏறி வர்றவங்களுக்கு வெறும் டீயா? உங்கம்மா இருந்த காலத்துல வரி வசூலிக்க வந்தவனுக்கே தொடைக்கறி வச்சு அனுப்பினவ. இவ என் பிள்ளை வீட்டைப் பிச்சைக்கார வீடுன்னு ஊருக்குக் காட்டப் பார்க்கறாளோன்னு மண்டைக்குள்ள ஒரு வண்டு. விடியறதுக்குள்ள ஷார்கான் வீட்டுலேர்ந்து அவ பெரிய கம்பளத்தையும், ஆப்ரிகாட் ஜாம் கிண்ணத்தையும், பூப்போட்ட கோப்பை ஆறையும் வாங்கிக்கிட்டு வந்தேன். உன் மகன் தாலாய்க்கு முதல் முடி எடுத்தப்போ அவன் தாய்மாமன் அவன் பேருக்குன்னு ஒரு குட்டி குடுத்தாரே, அது நல்ல கிடாவா வளர்ந்திருந்துது. அதை அறுத்தேன். தாலாய் ஆறு வயசு, அழுதான். அழாதடா, உனக்குக் காசு குடுக்கறவங்க வர்றாங்கன்னு சொல்லிச் சமாதானம் பண்ணினேன். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்.

கமிஷன்ல அஞ்சு பேர் வந்தாங்க. பேகாயிம் கையில ஒரு டேப்லெட். சாப்பிடறதுக்கு எங்களுக்கு உத்தரவு இல்லை பெரியவரேன்னு வாசல்லயே நின்னாங்க. ரொட்டியையாவது பிட்டு வாயில போடாம இந்த வீட்டு வாசலைத் தாண்டினா நீங்க நம்ம ஊர்க்காரங்களேயில்லைன்னேன். அதுக்கு மேல யாரால நிற்க முடியும், உட்கார்ந்துட்டாங்க. எண்ணெயில பொரிச்ச போர்சோக் மலை மாதிரி கொட்டிக் கிடக்குது, ஜாம், வெண்ணெய், அப்புறம் கறி. யாருக்கு எந்த எலும்புன்னு வயசுப்படி மரியாதைப்படி நானே எடுத்து வச்சேன், இடுப்பு எலும்பைக் கமிஷன்ல ஒருத்தரா வந்திருந்த பள்ளிக்கூடத்துப் பெரிய வாத்தியாருக்கு வச்சேன். பேகாயிம் விரிப்பைப் படம் எடுத்தா, கம்பளத்தைப் படம் எடுத்தா, ஜன்னலை எண்ணினா. எடு எடு, நல்லா எடுன்னு நானே கம்பளத்துச் சுருக்கத்தை இழுத்து விட்டேன். அப்புறம் அவ சல்கினைப் பார்த்துக் கேட்டா, உங்க வீட்டுக்காரர் பணம் அனுப்பறதில்லைன்னு போன தடவை எழுதியிருக்கீங்க, இப்பவும் அப்படித்தானான்னு.

எனக்கு உச்சந்தலையில சம்மட்டி விழுந்த மாதிரி இருந்துது. என் பிள்ளை பணம் அனுப்பறதில்லையா! அதை இவ எழுதிக் குடுத்திருக்காளா! சல்கின் கதவோரம் டீ ஊத்திக்கிட்டு நின்னா. உன் பேரை அவ வாயால சொல்ல மாட்டா, நான் உட்கார்ந்திருக்கற இடத்துல என்னை மீறிச் சத்தமாப் பேசவும் மாட்டா. வாயைத் திறந்தா, பெர்மெத்தோட அப்பான்னு ஆரம்பிச்சா, என்னைப் பார்த்தா, நிறுத்திட்டா. நான் அந்த இடைவெளியில பாய்ஞ்சேன். என் பிள்ளை மாசம் தவறாம அனுப்பறான், போன மாசம் கூட இருபதாம் தேதி வந்துது, என் கையாலயே வாங்கினேன், இந்த வீட்டுல எதுக்கும் குறையில்லைன்னேன். எழுதிக்கோ பொண்ணேன்னேன். பேகாயிம் சல்கினை இன்னொரு தடவை பார்த்தா. சல்கின் டீ ஊத்திக்கிட்டேயிருந்தா, கோப்பை நிறைஞ்சு விரிப்புல வழிஞ்சுது, அதைக்கூட அவ கவனிக்கலை. எனக்குத் திருட்டு பிடிபட்டுடுச்சுன்னு சந்தோஷம்டா. அவ முகம் வெளுத்ததைப் பார்த்து, சரியான இடத்துல கையை வச்சோம்னு நினைச்சேன்.

மூணு வாரத்துல காகிதம் வந்துது. வெளிநாட்டுலேர்ந்து தவறாமப் பணம் வருது, வீட்டு நிலைமை நல்லாயிருக்கு, அதனால உதவிப்பணம் நிறுத்தம். உண்மையைச் சொல்றேன், அன்னைக்கு முழுக்க எனக்குப் பெருமையாவே இருந்துது. மசூதி வாசல்ல ரெண்டு பேர்கிட்ட சொல்லவும் சொன்னேன், எங்களை ஏழைப் பட்டியல்லேர்ந்து எடுத்துட்டாங்கன்னு. அடுத்த நாள்தான் மூவாயிரத்து அறுநூறு போச்சேன்னு உறைச்சுது, உடனே யாரு போட்டுக்குடுத்தாங்கன்னு தேட ஆரம்பிச்சேன். கம்பளத்தைக் குடுத்துட்டு அவளே போய்ப் பத்தவச்சிருப்பான்னு ஷார்கான் வீட்டு வாசல்ல நின்னு கத்தினேன். அவ, என் கம்பளத்துல கறிக்கொழுப்பு ஊத்திக் குடுத்ததுமில்லாம என்னையே திட்டறியா கிழவான்னு கரண்டியைத் தூக்கிக்கிட்டு வந்தா. கொழுப்புக் கறை நிஜம்தான்.

அதுக்கப்புறம் சல்கின் இருட்டோட கிளம்பிப் போய் இருட்டினப்புறம் வர ஆரம்பிச்சா. முன்னேயும் போவா, அண்ணி வீட்டுக்கு ஒத்தாசைன்னு சொல்லுவா, ஆனா இப்ப தினமும். பெர்மெத்தான் சின்னவளுக்குச் சோறு ஊட்டுது. எனக்கு என்ன தோணியிருக்கும்னு நீயே யோசிச்சுக்கோ. எழுதற வயசு எனக்கும் இல்லை, படிக்கற வயசு உனக்கும் இல்லைன்னு விட்டுடறேன். ஐப்பசியில ஒரு சனிக்கிழமை, அவ போன கொஞ்ச நேரத்துல கழுதை மேல ஏறிப் பின்னாலயே போனேன். எவன்கூட நிக்கறான்னு பார்த்துட்டு, உனக்குப் போன் பண்ணி அவ மானத்தை வாங்கணும்னு மனசுக்குள்ள வசனம்கூடத் தயார் பண்ணிட்டேன். அவ போனது ஆத்துக்கு அந்தப் பக்கம் பீன்ஸ் வியாபாரியோட கொட்டகைக்கு. கதவு இடுக்கு வழியாப் பார்த்தேன். நாற்பது பொம்பளைங்க தரையில உட்கார்ந்து பீன்ஸ் விதையைப் பொறுக்கிட்டிருக்காங்க, கல்லு ஒரு பக்கம், சொத்தை ஒரு பக்கம். கொட்டகை முழுக்கத் தூசி, ஆளாளுக்கு மூக்கை மறைச்சுத் துணி கட்டியிருக்காங்க. சல்கின் கடைசி வரிசையில ஒரு காலை நீட்டி உட்கார்ந்திருந்தா, முட்டியை மடக்க முடியலை போலிருக்கு. மத்தியானம் வரைக்கும் அந்த இடுக்குலயே நின்னேன். கணக்குப்பிள்ளை வந்து அந்த வாரக் கூலியைக் குடுத்தான். இருபது, ஐம்பது, நூறு. எல்லாம் கசங்கின நோட்டு, தூசி படிஞ்ச நோட்டு.

எலாமான், கிடங்குல இருபத்திரண்டு வருஷம் மூட்டையை முகர்ந்து பார்த்தே எந்த வயல் தானியம்னு சொன்னவன்டா நான். பதினோரு மாசமா என் மெத்தை மேல வந்து விழுந்த உறையில பீன்ஸ் தூசி வாசனை வந்திருக்கு, அது மட்டும் எனக்குத் தெரியலை. தெரிஞ்சுக்க நான் விரும்பலைன்னுதான் இப்ப நினைக்கறேன்.

அன்னைக்குச் சாயங்காலம் சாப்பிட்டு முடிச்சதும் பெர்மெத்தை நடுவுல உட்கார வச்சேன். உங்கப்பா பணம் அனுப்பறானான்னு உங்கம்மாகிட்ட கேளுன்னேன். பெர்மெத் திரும்பலை, கேட்கவும் இல்லை. தலையைக் குனிஞ்சுக்கிட்டு, எனக்கே தெரியும் தாத்தா, அனுப்பலைன்னுச்சு. பிள்ளைக்குத் தெரிஞ்சிருக்கு, எனக்குத் தெரியலை. அப்போ அந்த உறையெல்லாம் ஏது, என்கிட்ட ஏன் சொல்லலைன்னு கேட்டேன்.  அப்புறம் சல்கின் டீக்கு வெந்நீர் கொதிக்கற சமோவார் பக்கம் திரும்பிக்கிட்டு, சமோவாருக்குச் சொல்ற மாதிரி, ஆனா எனக்கு நல்லாக் கேட்கற மாதிரி சொன்னா. கார்த்திகையில பெர்மெத்தோட அப்பா பணத்தை நிறுத்தினது, மாமா நெஞ்சுவலின்னு ஆஸ்பத்திரியில இருந்துட்டு வீட்டுக்கு வந்த வாரம், சொன்னா இன்னொரு தடவை வலி வந்துடும்னு பயந்தேன். சரி, தேறினப்புறம் சொல்லலாம்னு பார்த்தேன். ஆனா சொன்னா நம்புவாரா? நீ என்னடி தப்பு பண்ணினே அவன் நிறுத்தறதுக்குன்னு முதல்ல என்னைத்தான் கேட்பாருன்னா. பிள்ளைங்க பணம் வர்றதுல பாதி, கூலியில பாதின்னு சேர்த்து வச்சேன், வீட்டுப் பெரியவர் கையில பணம் இல்லாம வெளியே போகக் கூடாதேன்னுதான்னா. இவ்வளவுதான் சொன்னா. அழலை. எனக்கு டீ ஊத்திப் பெர்மெத் கையில குடுத்து அனுப்பினா.

நான் அதைத்தான் கேட்டிருப்பேன், எலாமான். சத்தியமாச் சொல்றேன், வார்த்தை மாறாம அதையேதான் கேட்டிருப்பேன்.

அந்த ராத்திரியிலேர்ந்து ஊர்ல இருக்கற அத்தனை பேர் மேலயும் வச்சிருந்த சந்தேகத்தையும் மூட்டை கட்டி உன் பக்கம் திருப்பியாச்சு. உடம்பு சரியில்லையோன்னு நினைச்சேன், ஆனா போன்ல உன் குரல் கல்லு மாதிரி இருக்கு. போலீஸ் பிடிச்சுட்டானோன்னு நினைச்சேன், ஜெயில்லேர்ந்து எவனும் புதுச்சட்டையில படம் அனுப்ப மாட்டான். வேற ஒருத்தி இருக்காளோன்னு நினைச்சேன். மிர்பெக்கைக் கேட்டா, தலையைச் சொறிஞ்சுக்கிட்டு எனக்கு ஒண்ணும் தெரியாது பெரியப்பான்னான். ஒண்ணும் தெரியாதவன் அப்படிச் சொறிய மாட்டான். இருந்தா இருக்கட்டும், அதைப் பத்தி இந்தக் கடுதாசியில கேட்கப் போறதில்லை. நான் கேட்கறது வேற ஒண்ணு. இந்தப் பதினோரு மாசமும், மாசாமாசம் போன்ல நான் உனக்கு என்ன சொன்னேன்? பணம் வந்துதுடா, அல்லா உன் கையை நிறைக்கட்டும், பனியில நின்னு சம்பாதிக்கற காசு, உன்னை மாதிரி பிள்ளை யாருக்கு வாய்க்கும்னு சொன்னேன். முதல் தடவை நீ கொஞ்சம் தடுமாறினே, எனக்கு ஞாபகம் இருக்கு. அப்புறம், சரிப்பா, உடம்பைப் பார்த்துக்கோங்கன்னே. ரெண்டாவது மாசம் தடுமாறலை. பதினோரு தடவை நான் உனக்கு நன்றி சொன்னேன், பதினோரு தடவையும் நீ வாங்கிக்கிட்டே. நீ பணம் அனுப்பாததை நான் மன்னிச்சுடுவேன்னு நினைக்கறேன், ஆம்பளைக்கு வேலை போகும், புத்தி போகும், எல்லாம் நடக்கறதுதான். அவ முட்டி தேய்ஞ்சு சம்பாதிச்சதுக்கு நீ எப்படிடா என்கிட்டேர்ந்து நன்றி வாங்கினே? இதுக்குத்தான் எனக்குப் பதில் வேணும்.

திங்கக்கிழமை ஊர் ஆபீசுக்குப் போனேன். நடந்ததெல்லாம் பேகாயிம்கிட்ட சொன்னேன். அவ, எழுதினது அப்படியே ஏறிடுச்சு பெரியவரே, எந்த வாய் சொல்லிச்சோ அதுவே மாத்திச் சொல்லி, கமிஷன் முன்னால எழுதிக் கையெழுத்துப் போட்டாத்தான் மறுபடி பார்ப்பாங்கன்னா. சல்கின் எழுதினா போதாதான்னேன். உங்க வார்த்தைக்கு எதிரா அவங்க வார்த்தையை எடுத்துக்க மாட்டாங்கன்னா. அன்னைக்கு என் வீட்டுல உட்கார்ந்து கறி சாப்பிட்ட அதே அஞ்சு பேரும் வந்து உட்கார்ந்தாங்க. வாசல்ல வேற யாரோ நாலு பேர் காகிதத்துக்காக நின்னுக்கிட்டிருந்தாங்க, கதவைச் சாத்தச் சொல்ல எனக்கு வாய் வரலை. நான் என் கையால எழுதினேன். என் மகன் எலாமான் போன கார்த்திகையிலேர்ந்து தன் பிள்ளைகளுக்கு ஒரு சோம்கூட அனுப்பலை, பிள்ளைகளைக் காப்பாத்தறது என் மருமக சல்கின், நான் முன்னால சொன்னது பொய். மூணு வரிதான். அதைச் சத்தமா வாசிச்சுக் காட்டணும்னு சட்டமாம், வாசிச்சேன். பள்ளிக்கூடத்துப் பெரிய வாத்தியார், உனக்கு எழுத்து சொல்லிக்குடுத்தவர், தரையைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தார். இதை ஊர் உனக்குச் சொல்றதுக்கு முன்னால நானே சொல்லணும்னுதான் அவசரமா எழுதறேன். அடுத்த மாசத்துலேர்ந்து பணம் திரும்ப வரும்னு பேகாயிம் சொல்றா. பிள்ளைங்க கையில வந்தப்புறம் நம்பறேன். வீட்டுக்கு வந்து பெர்மெத்தை நடுவுல வைக்காம, சல்கினை நேராப் பார்த்து, எழுதிக் குடுத்துட்டேன் மகளேன்னேன். வழக்கம் போனாப் போகட்டும். அவ, சரிங்க மாமான்னா. என்கிட்ட நேராப் பேசினா அவ குரல் அவ்வளவு சின்னக் குரல்னு இப்பத்தான் எனக்குத் தெரியும்.

நீ எங்கே எப்படி இருந்தாலும் உன் கை காலுக்கு ஒரு குறையும் வரக் கூடாது, உயரத்துல ஏறினா இடுப்புக் கயிறைக் கட்டிக்கோ, குளிருக்குக் குடிக்க ஆரம்பிக்காதே. அப்பன் உன்னைச் சபிக்கலை, அல்லா உனக்கு நல்ல புத்தியும் நல்ல வழியும் காட்டட்டும்னுதான் அஞ்சு வேளையும் கேட்கறேன். மறக்காம ஒண்ணே ஒண்ணு. இதைப் படிச்சதும் ரோஷம் பொத்துக்கிட்டு வந்து ஒரு மாசம் ரெண்டு மாசம் பணம் அனுப்பிட்டு அப்புறம் நிறுத்திடாதே. நீ அனுப்பற முதல் மாசமே பிள்ளைங்க பணம் நின்னுடும், நீ நிறுத்தினப்புறம் நான் மறுபடி போய் அந்த அஞ்சு பேர் முன்னால நின்னு அதே மூணு வரியை வாசிக்கணும். வருஷம் முழுக்க, பிள்ளைங்க வளர்ற வரைக்கும் அனுப்ப முடியும்னா அனுப்பு. முடியாதுன்னா, ஒரு சோம்கூட அனுப்பாதே.

இப்படிக்கு,
பதிலுக்குக் காத்திருக்கும் உன் அப்பா
ஒரோஸாலி